பர்ன்ஸ் தாக்கியது கடவுளை அல்ல
'புனித வில்லியின் பிரார்த்தனை' என்ற கவிதையை எழுதிய ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் கடவுளை நம்பியிருக்க முடியாது என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 1785இல் எழுதிய அந்தக் கவிதையில் பேசுவது அவர் இல்லை. மாக்லின் என்ற ஊரின் திருச்சபை மூப்பர் ஒருவரை வைத்து உருவாக்கிய வில்லி என்ற பாத்திரம். குடியும் காமமும் இருந்தும், தான் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவன், நரகம் மற்றவர்களுக்குத்தான் என்று வில்லி கடவுளிடமே பெருமை பேசுகிறான். அடி விழுவது, யாருக்கு மீட்பு என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் அந்தக் கால்வினியக் கிறிஸ்தவக் கோட்பாட்டுக்கும் அதற்குள் ஒளிந்துகொள்ளும் போலித்தனத்துக்கும்தான். அதே காலத்தில்தான், ஏழை உழவர் குடும்பம் சனிக்கிழமை இரவில் கூடி உட்கார்ந்து பைபிள் வாசிப்பதை இன்னொரு கவிதையில் அவ்வளவு மரியாதையோடு எழுதினார். மேலே கருத்து எழுதிய ஒருவர் அந்தக் கவிதையைப் பற்றி 'அது விற்பனைக்காக எழுதியது' என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பர்ன்ஸின் அப்பா பிள்ளைகளுக்காகவே, தந்தையும் மகனும் பேசிக்கொள்வதுபோல ஒரு சமயக் கையேடு தயாரித்தவர். அந்த வீட்டு வழிபாட்டில் வளர்ந்த மகனின் வரிகள் அவை.