40 பேருக்கும் ஒரே அட்டவணையா?

விளையாட்டு விடுதிச் சுவரில் 40 பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒட்டியிருந்த அந்தப் பயிற்சி அட்டவணையை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். காலை 5.30க்கு 8 கிலோமீட்டர் ஓட்டம். மாலையில் 50 கிலோ ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), 10 தடவை வீதம் 5 செட். 100 மீட்டர் ஓடுகிறவளுக்கும் அதுதான், குண்டு எறிகிறவனுக்கும் அதுதான்.

100 மீட்டர்காரிக்குத் தினமும் 8 கிலோமீட்டர் எதற்கு? அவளுக்குத் தேவை 60 மீட்டர், முழு வேகத்தில் 5 தடவை, நடுவில் 6 நிமிஷமாவது ஓய்வு. ஓய்வைக் குறைத்தால் களைப்போடு ஓடத்தான் கால் பழகும், வேகம் வராது.

அந்த 50 கிலோ என்பது, 100 கிலோ வரை தூக்குகிறவனுக்கு வெறும் வார்ம் அப். 60 கிலோதான் உச்சம் என்கிற பிள்ளைக்கு எட்டாவது தடவையிலேயே முட்டி உள்பக்கம் சாயும், முதுகு வளையும். எடையை அவரவர் உச்சத்தில் இத்தனை சதவீதம் என்றுதான் எழுதணும். ஆளுக்கு ஆள் மாறும் என்பதை எத்தனை தடவைதான் சொல்வது?

"ஒரு கோச் 40 பேரைத் தனித்தனியாப் பார்க்க முடியுமா?" நியாயமான கேள்விதான். ஆளுக்கு ஒரு நோட்டு போதும். தூங்கிய நேரம், காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு, வலி இருக்கிற இடம், பயிற்சி எவ்வளவு கஷ்டம் என்று பத்துக்கு ஒரு மார்க். அந்த மார்க்கைப் பயிற்சி நிமிஷத்தால் பெருக்கினால் அன்றைய சுமை: 60 நிமிஷம், 7 மார்க் என்றால் 420. ஒரு வாரக் கூட்டல் திடீரென்று எகிறினால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் குறையுங்கள்.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லாமலா பி.டி. உஷா ஜெயித்தார்?" உஷாவுக்குப் பக்கத்தில் கோச் நம்பியார் வருஷக்கணக்கில் நின்றார் ஐயா. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில், நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலம் போனது. அந்த அளவுக்கு வந்ததே ஒருத்தரை ஒருத்தர் கவனித்ததால்தான்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது என்ற விடுதிப் பெண்ணைச் சோம்பேறி என்றார்களே, அதுதான் மனசு ஆறவில்லை. அந்த எலும்பின் உள்ளோரம் நீளவாக்கில் பரவலாக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஒரு விரல் வைக்கிற இடத்தில் சுள்ளென்று வலித்தால், ராத்திரி படுத்தாலும் வலித்தால், எலும்பில் கீறலா என்று சந்தேகப்பட்டு அன்றே ஓட்டத்தை நிறுத்தணும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகும், எம்.ஆர்.ஐ. வேணும். "எக்ஸ்ரே நார்மல்" என்று மறுநாளே 8 கிலோமீட்டர் ஓடவிட்டீர்களே. சரியாச் சாப்பிடுறாளா, மாதவிடாய் ஒழுங்கா வருதா என்று ஒருத்தராவது கேட்டீர்களா? இவை இரண்டும் தப்பினால் எலும்பும் பலவீனமாகும்.

ஒழுக்கம், கட்டுப்பாடு என்று கமெண்டில் வராதீர்கள். 16 வயசுப் பிள்ளை வலிக்கிறது என்று சொன்னது கட்டுப்பாடு மீறல் இல்லை. அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு அவளிடமிருந்தே ஆரம்பியுங்கள்: எங்கேம்மா வலிக்குது, விரல் வச்சுக் காட்டு.