இதுல என்ன புதுசு?

காட்டுயிர் ஆய்வு செய்யும் மாணவர்கள் யானையைவிட அதிகமாகப் பயப்படுவது இந்தக் கேள்விக்குத்தான். சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) வைக்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார். எனக்குத் தெரிந்த ஒரு பெண், பல வருடங்களுக்கு முன்னால் ஒருவர் பறவைக் கணக்கெடுப்பு செய்த அதே ஏரிகளில், அதே முறையில், திரும்பவும் எண்ணப் போகிறேன் என்று எழுதிக்கொண்டு போனாள். "அதான் ஏற்கெனவே பண்ணிட்டாங்களேம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். (எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், எல்லா இடத்திலும் இதே கதைதான்.) இப்போது வேறு தலைப்பில், கணினியில் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதுவும் தேவையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏரிகளில் இன்றைக்கு என்ன இருக்கிறது, என்ன போய்விட்டது என்று சொல்ல ஆள் இல்லை.

என்னைக் கேட்டால், பழைய ஆய்வு ஒன்றைத் தேடி எடுத்து அதே இடத்தில் திரும்பச் செய்வதைவிட உருப்படியாக ஒரு மாணவர் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குச் செய்யக்கூடியது அதிகமில்லை. ரொம்ப மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் பாறு கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு விஷயத்தைப் பாருங்கள்.

1980களில் ராஜஸ்தான் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் விபு பிரகாஷ் முனைவர் பட்டத்துக்காகக் கழுகு, பருந்து இனங்களை ஆய்வு செய்துகொண்டிருந்தார். வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளையும் எண்ணி வைத்தார். 1987-88இல் 353 கூடுகள். அன்றைக்கு அந்த எண்ணைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அப்போது பாறு ஒரு சாதாரணப் பறவை. மாடு செத்தால் கூட்டமாக வந்து இறங்கும், தின்றுவிட்டுப் போகும், அவ்வளவுதான். "இதுல என்ன புதுசு" என்று கேட்கத் தோதான பறவை! 1990களின் பிற்பாதியில் அதே மனிதர் அதே பூங்காவில் திரும்ப எண்ணியபோது கூடுகள் பாதிக்கும் கீழே போயிருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை. 1999இல் அவர் அதைக் கட்டுரையாக எழுதிய பிறகுதான் விஷயம் பெரிதானது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1990களின் தொடக்கத்தில் சாலை வழியாகப் போய்க் கழுகுகளை எண்ணிய தடங்கள் இருந்தன, 2000இல் அதே தடங்களில் மறுபடியும் போய் எண்ணினார்கள், பாறுகளில் 90 சதவீதத்துக்கு மேல் காணோம். 1992க்கும் 2007க்கும் நடுவில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துவிட்டது என்பது பின்னால் வந்த கணக்கு. மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துதான் காரணம், அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பறவைகளுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது என்பது பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் தெரிந்து 2004இல் வெளியானது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது.

அந்த 353 மட்டும் ஒரு மாணவரின் நோட்டில் ஏறாமல் போயிருந்தால்? "முன்னெல்லாம் நிறைய இருக்கும் சார்" என்ற பேச்சுதான் மிஞ்சியிருக்கும். அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு ஒரு மருந்தைத் தடை செய்ய முடியுமா? இன்றைக்கு நீலகிரிப் பக்கம் மோயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் எஞ்சியிருக்கும் பாறுக் கூடுகளை வருடா வருடம் எண்ணிக்கொண்டிருக்கிறார்களே, அந்த வேலைக்கும் இதே மதிப்புதான். படிக்கும்போது சுவாரசியமாக இருக்காது, தேவைப்படும் அன்றைக்கு அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டில் 1988இல் ஆரம்பித்து, 1 செ.மீ. தடிமன் உள்ள கன்று முதற்கொண்டு சுமார் 25 ஆயிரம் மரங்களுக்கு எண் பலகை கட்டி, வரைபடத்தில் குறித்து, திரும்பத் திரும்ப அளந்து வருகிறது பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். உண்ணிச்செடி அங்கே எப்படிப் பரவியது, எந்தத் தீ வருடத்தில் எவ்வளவு கன்று போனது என்றெல்லாம் நாம் இன்றைக்குப் பேச முடிகிறதென்றால் அதனால்தான். ஆனால் அது பெரிய நிறுவனம். சில வருட ஃபெல்லோஷிப்பில் ஓடும் மாணவருக்கு அந்த வசதி ஏது? ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை 2023இல் மாதம் 31 ஆயிரத்திலிருந்து 37 ஆயிரம் ஆனது, சந்தோஷம். அதற்கான நெட் தேர்வு பாஸ் செய்யாமல் சொந்தக் காசில் ஜீப் வாடகையும் வழிகாட்டிக் கூலியும் கொடுத்து ஃபீல்டு பார்ப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இது போதாதென்று, சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறை அனுமதி எப்போது வரும் என்று சொல்லவே முடியாது.

முதுகலை மாணவர்கள் நிலைமை இன்னும் வேடிக்கை. பிராஜெக்ட் கடைசி செமஸ்டரில், அதாவது டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மழைக்காலத்தில் காடு எப்படி இருக்கிறது என்று அந்த ஆய்வில் இருக்கவே இருக்காது. காய்ந்த காட்டையும் தண்ணீர்க் குட்டையைச் சுற்றி நிற்கும் மான்களையும் எண்ணிவிட்டு "இந்தச் சரணாலயத்தின் மான் அடர்த்தி" என்று தலைப்பு வைக்கிறோம்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எண்ணுவதற்குப் பெரிய பணம்கூட வேண்டாம். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் படிக்க ஒரு செட் போனால் அடுத்த செட் வருகிறது. ஒவ்வொருவரையும் ஒவ்வொரு திசையில் அனுப்புவதற்குப் பதிலாக, செட்டுக்கு இரண்டு பேர், கோடியக்கரையில் அதே நடைபாதைகளில், அதே மாதத்தில், அதே முறையில் வெளிமான்களை எண்ணட்டும். பத்து செட் போனால் பத்து வருடத் தரவு. சீமைக்கருவேலம் பரவுவதற்கும் மான் குறைவதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று அதை வைத்துப் பேசலாம். கோடையில் மட்டும் எண்ணினாலும் ஒவ்வொரு வருடமும் கோடையில் எண்ணினால் ஒப்பிடலாமே.

ஒரே வேலையைப் பத்து பேர் செய்தால் காப்பி அடிப்பது ஆகாதா என்பார்கள். ஆகாது. கேள்வி பழசாக இருக்கலாம், காடு பழைய காடு இல்லை. ஆனால் வேலைக்கு இன்டர்வியூ போகும்போது கட்டுரை எந்த ஜர்னலில் வந்தது என்றுதான் கேட்கிறார்கள், அங்கே இந்த மாதிரி வேலைக்கு மதிப்பில்லை என்பது உண்மை. அதனால் மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாற வேண்டியது கேள்வி கேட்கிற நாற்காலி.

இன்னொன்று. ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறுகின்றன, நல்லது. ஆனால் அதில் இருப்பது சராசரியும் வரைபடமும். எந்தப் பாறையிலிருந்து எந்த ஓடை வரை நடந்தார், எத்தனை மணிக்கு நடந்தார் என்பதெல்லாம் ஃபீல்டு நோட்டில்தான் இருக்கும், நோட்டு யார் வீட்டுப் பரணிலோ. ஆய்வேட்டோடு நோட்டின் ஸ்கேனையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பட்டம் என்று ஒரு விதி போடலாம். போடும்வரை, இதைப் படிக்கும் சீனியர்கள் யாரிடமாவது பழைய நோட்டு இருந்தால் போனிலேயே படம் எடுத்து உங்கள் துறைக்கு அனுப்பிவிடுங்கள். கையெழுத்து மோசமாக இருந்தாலும் பரவாயில்லை.