ஹனுக்கா யாருடைய கிறிஸ்துமஸும் இல்லை

2024 டிசம்பர் 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை மகளின் வகுப்பில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். என் கணவர் யூதர், பிள்ளைகளை யூதப் பிள்ளைகளாகத்தான் வளர்க்கிறோம். அந்தப் படத்தையும் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்துமஸ் மரம், பக்கத்தில் ஒன்பது பல்பும் எரியும் மின்சார மெனோரா (யூதர்கள் ஹனுக்கா பண்டிகைக்கு ஏற்றும் விளக்கு), அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்காமல் நிற்கும் என் மகள். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று பத்து நாள் பொறுத்தேன். ஆறவில்லை.

"இது யூதர்களின் கிறிஸ்துமஸ்" என்று டீச்சர் இருபது குழந்தைகள் முன்னால் சொன்னார். நடந்தது அவ்வளவுதான். அவ்வளவுதானே என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் காரில் வரும்போது மகள் கேட்டாள்: "அம்மா, நம்ம கிறிஸ்துமஸ் மட்டும் ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு?"

ஐந்து வயது. முந்தின நாள் வரைக்கும் அவளுக்கு ஹனுக்கா என்றால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவது, பாட்டி சுடுகிற லாட்கே என்ற உருளைக்கிழங்கு அடை, தரையில் உட்கார்ந்து ட்ரெய்டல் என்ற பம்பரம் சுற்றுவது. அது எதைவிடவும் சின்னதாக இல்லை. ஒரே ஒரு வாக்கியம் அதை அடுத்த வீட்டுப் பண்டிகையின் பக்கத்தில் நிறுத்தி அளந்துவிட்டது. அளந்தால் சின்னதாகத்தானே தெரியும்?

ஹனுக்கா கிறிஸ்துமஸ் இல்லை. யூதர்களின் கிறிஸ்துமஸ் என்று ஒன்று கிடையாது. யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு நாள் நடக்கும் பண்டிகை இது. யூத மரபிலேயே இதற்குப் பெரிய இடம் கிடையாது. பஸ்கா, ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் போலக் கடையை மூடி, வேலையை நிறுத்திக் கொண்டாடுகிற நாள் இல்லை. எல்லாரும் வேலைக்குப் போவார்கள், இருட்டியதும் வீட்டுக்கு வந்து விளக்கேற்றுவார்கள். இந்த வருடம் முதல் விளக்கு டிசம்பர் 25 மாலையிலேயே வந்தது. 2005க்குப் பிறகு இப்போதுதான் இப்படி அமைந்திருக்கிறது. அதனால் குழப்பம் வந்திருக்கும் என்கிறார்கள். சந்திரனை வைத்து எண்ணும் மாதம், அவ்வப்போது ஒரு அதிக மாதம் சேரும், தேதி முன்னே பின்னே போகும். 2013இல் நவம்பர் கடைசியில் அமெரிக்காவின் நன்றி நவிலும் நாளோடு சேர்ந்து வந்தது. அப்போது யாரும் இதைக் கிறிஸ்துமஸ் என்று சொல்லவில்லை.

சரி, எதற்காக இந்தப் பண்டிகை? கிறிஸ்து பிறப்பதற்கு நூற்று அறுபது சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் நான்காம் அந்தியோக்கு என்ற கிரேக்க மன்னன் யூதர்களின் வழிபாட்டைத் தடை செய்தான். விருத்தசேதனம் கூடாது, ஓய்வுநாள் கூடாது, எல்லாரும் கிரேக்கர்களைப் போலவே ஆகிவிட வேண்டும். எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். மோதீன் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பம் எதிர்த்துப் போராடி ஆலயத்தை மீட்டது. சுத்தம் செய்து மறுபடியும் அர்ப்பணித்தார்கள். அப்போது ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பதுதான் மரபு சொல்லும் அதிசயம். ஹனுக்கா என்ற சொல்லுக்கே அர்ப்பணிப்பு என்றுதான் பொருள். யோவான் சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் 'தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை' என்று வருவது இதுதான். என் கிறிஸ்தவ நண்பர்கள் எடுத்துப் பாருங்கள். இயேசு எருசலேமில் அந்தப் பண்டிகை நாளில் உலாவிக்கொண்டிருந்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. அப்படியிருக்க, அது அவர் பிறந்தநாளின் நகலாக எப்படி ஆகும்?

'நீயும் மற்றவர்களைப் போல ஆகிவிடு' என்று சொன்னதற்கு 'மாட்டேன்' என்று சொன்னதைக் கொண்டாடுகிற நாள் இது. அந்த நாளைத்தான் 'அதுவும் எங்களுடையது மாதிரிதான்' என்று சொல்லிக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்தார்கள். எனக்கு வலித்த இடம் இதுதான்.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், என் மகள் கவனித்தாள். பண்டிகை தொடங்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஆனால் ஒன்பது பல்பும் எரிந்தன. "இன்னைக்கு ஒண்ணுகூட ஏத்தக் கூடாதே" என்று அவள் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். "பரவாயில்லை, அழகாக இருக்கிறது" என்று பதில் வந்திருக்கிறது.

ஹனுக்காவில் குழந்தைகளுக்குப் புரிகிற பகுதியே அந்த எண்ணிக்கைதான். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, எட்டாம் நாள் எட்டு. ஒவ்வொரு நாளும் கூடவே ஷமாஷ் என்ற உதவி விளக்கு. அதை வைத்துத்தான் மற்றவற்றை ஏற்ற வேண்டும். மெழுகுவர்த்திகளை வலமிருந்து இடமாகச் செருக வேண்டும், ஏற்றும்போது இடமிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் அன்றைக்குப் புதிதாக வந்த விளக்குக்கு முதல் மரியாதை கிடைக்கும். யூத மதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் இதற்கு ஒரு விவாதமே உண்டு. ஷம்மாய் என்ற பழைய ஆசானின் பள்ளியினர் முதல் நாளே எட்டும் ஏற்றி ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொன்னார்கள். ஹில்லேல் என்ற இன்னொரு ஆசானின் பள்ளியினர் ஒன்றில் தொடங்கிக் கூட்டச் சொன்னார்கள். புனிதமான விஷயத்தில் ஏறத்தான் வேண்டும், இறங்கக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இரண்டாயிரம் வருடமாக வீடுகளில் ஹில்லேலின் வழிதான் நடக்கிறது. மூன்று வயதுச் சின்னவனுக்குக்கூட இது தெரியும். "இன்னைக்கு எத்தனை?" என்று காலையிலிருந்து கேட்பான். நாளைக்கு ஒன்று கூடும் என்று காத்திருப்பதுதான் அவனுக்குப் பண்டிகை. ஒரே நாளில் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் காத்திருக்க என்ன இருக்கிறது?

அந்த விளக்கு வெளிச்சத்தில் வேலை எதுவும் செய்யக் கூடாது, பார்ப்பதற்கு மட்டும்தான். மெழுகுவர்த்தி எரியும் அந்த அரை மணி நேரம் பெண்கள் வீட்டு வேலை செய்வதில்லை என்றும் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான முதல் வருடம் இது தெரியாமல் பாத்திரம் கழுவ எழுந்தேன். மாமியார் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இந்த அரை மணி நேரம் உன்னுடையது" என்றார். அன்றிலிருந்து நான் எழுந்திருப்பதில்லை. பிள்ளைகள் மடியில் சாய்ந்துகொள்வார்கள். மெழுகு உருகி அடியில் விரித்த அலுமினியத் தாளில் சொட்டும். வருடம் முழுக்க எங்கள் வீடு இவ்வளவு அமைதியாக இருப்பது அப்போது மட்டும்தான்.

"டீச்சர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்" என்று மூன்று பேர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் என் மகளை அன்பாகப் பார்த்துக்கொள்பவர், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் ஒரு வாரம் முன்னாலேயே ஒரு பக்கத்தில் எல்லாம் எழுதி அனுப்பியிருந்தேன். இருபது மர ட்ரெய்டல், தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் காசு, ட்ரெய்டலின் நான்கு பக்கத்திலும் உள்ள எபிரேய எழுத்துகளில் எது விழுந்தால் என்ன என்று படம் வரைந்த அட்டை. நூன் விழுந்தால் ஒன்றும் இல்லை, கிமெல் விழுந்தால் எல்லாம், ஹே விழுந்தால் பாதி, ஷின் விழுந்தால் நீ ஒன்று போட வேண்டும். 'அங்கே பெரிய அதிசயம் நடந்தது' என்ற எபிரேய வாக்கியத்தின் முதல் எழுத்துகள்தான் அந்த நான்கும். அந்தப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை. படித்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நல்ல எண்ணம் உள்ளவருக்கு ஒரு நிமிடம் இல்லையா?

"உங்கள் ஆட்களே எட்டு நாளும் பரிசு கொடுக்கிறார்களே, கிறிஸ்துமஸைப் பார்த்துத்தானே?" என்று கேட்கலாம். ஆமாம். அமெரிக்காவில் அப்படித்தான் அது வளர்ந்தது. சுற்றிலும் எல்லாப் பிள்ளைகளும் பரிசுப் பெட்டி பிரிக்கும்போது தன் பிள்ளை மட்டும் வேடிக்கை பார்ப்பதை எந்தத் தாயாலும் தாங்க முடியாது. அந்தத் தாய்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் காசு கொடுப்போம், ஒரு நாள் புத்தகம், ஒரு நாள் பிள்ளைகளே தங்கள் உண்டியலிலிருந்து எடுத்து யாருக்காவது கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"கிறிஸ்துமஸ் மேல் என்ன வெறுப்பு?" வெறுப்பு இல்லை. மதுரையில் நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில். டிசம்பர் வந்தால் குடில் கட்ட வைக்கோல் சுமந்தவள் நான். கிறிஸ்துமஸ் எனக்குப் பிடிக்கும், அதை அதன் பெயரிலேயே பிடிக்கும்.

இன்னொரு கேள்வியும் வந்தது, நம் ஆட்களிடமிருந்தே. "நீ என்ன யூதச்சியா? உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?" நான் மதம் மாறவில்லை. என் பிள்ளைகளை யூதப் பிள்ளைகளாக வளர்ப்போம் என்று கல்யாணத்துக்கு முன்பே கணவருக்கு வாக்குக் கொடுத்தேன். தந்தை மட்டும் யூதராக இருந்தாலும், யூதராக வளர்க்கப்பட்டால் பிள்ளைகள் யூதர்கள்தான் என்று அமெரிக்க யூதர்களின் சீர்திருத்த மரபு 1983இலேயே ஏற்றுக்கொண்டது. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் மரபினர் ஏற்க மாட்டார்கள். ஆக, ஒரு பக்கம் 'நீங்கள் முழு யூதர்கள் இல்லை' என்பவர்கள், இன்னொரு பக்கம் 'இது எங்கள் கிறிஸ்துமஸ் மாதிரி' என்பவர்கள், மூன்றாவதாக 'இது நம்ம தீபாவளி மாதிரி' என்கிற என் சொந்தக்காரர்கள். ஐந்து வயதுப் பிள்ளை இதற்கு நடுவில் எங்கே நிற்பாள்?

தீபாவளியும் இல்லை. கார்த்திகையும் இல்லை. இந்த வருடம் 13ஆம் தேதி கார்த்திகைக்கு வாசலில் அகல் வைத்தோம், பிள்ளைகள்தான் எண்ணெய் ஊற்றினார்கள். அதை நான் அவர்களுக்கு யூதக் கதையாகச் சொல்லவில்லை, இதைத் தமிழ்க் கதையாகவும் சொல்லவில்லை. இரண்டும் தனித்தனி விளக்கு என்று குழந்தைக்குப் புரிகிறது. பெரியவர்களுக்குத்தான் புரியவில்லை. அம்மா மட்டும் போனில் சரியாகக் கேட்டாள்: "ஏண்டி, அந்த விளக்கையும் வாசல்லதான் வைக்கணுமா?" ஒப்பிடவில்லை, கேட்டாள்.

அம்மா கேட்டதுதான் இப்போது எங்கள் வீட்டுப் பெரிய கேள்வி. வாசலில்தான் வைக்க வேண்டும், அதிசயத்தை ஊருக்குச் சொல்வதற்கான விளக்கு அது. மாடியில் குடியிருந்தால் தெருவைப் பார்த்த ஜன்னலில். ஆபத்தான காலமாக இருந்தால் வீட்டுக்குள் மேசைமேல் வைத்தால் போதும் என்றும் அதே தல்மூதில் எழுதியிருக்கிறது. போன வருடமும் இந்த வருடமும் விளக்கு எங்கே என்று நானும் கணவரும் உட்கார்ந்து பேசினோம். இது நியூ ஜெர்சி, தெருவில் பத்து யூதக் குடும்பங்கள் இருக்கிறோம். அப்படியும் பேசினோம்.

"காஸாவில் குழந்தைகள் சாகிறார்கள், உனக்கு மெழுகுவர்த்தியா?" என்று எழுதப் போகிறவர்களுக்கு: அந்தக் குழந்தைகளை நினைக்காமல் நான் என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிய நாள் இல்லை. அந்தத் துக்கத்தை என் மகளின் விளக்கின் மேல் இறக்கி வைக்காதீர்கள். அவள் எந்த அரசாங்கமும் இல்லை.

1993 டிசம்பரில் மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊரில், ஜன்னலில் மெனோரா வைத்திருந்த வீட்டின் மேல் கான்கிரீட் கல்லை எறிந்தார்கள். அது ஐந்து வயதுப் பையனின் படுக்கையறை. அந்த ஊரில் யூதர்கள் மிகக் குறைவு. உள்ளூர்ச் செய்தித்தாள் ஒரு முழுப் பக்கத்துக்கு மெனோரா படத்தை அச்சிட்டது. கிறிஸ்தவக் குடும்பங்கள் அதை வெட்டி எடுத்துத் தங்கள் ஜன்னலில் ஒட்டின. சுமார் 10,000 வீடுகள் என்பார்கள். அவர்கள் வீட்டுக்குள் கிறிஸ்துமஸ் மரம் இருந்தது, ஜன்னலில் மெனோரா இருந்தது. மெனோராவை மெனோராவாகவே வைத்தார்கள். நான் கேட்பது அதுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மாமியாரிடம் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னபோது அவர் லாட்கேக்கு உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தார். துருவி, துணியில் கட்டி, தேங்காய்ப்பால் பிழிவது போல இறுக்கிப் பிழிவார். அடியில் தங்கும் மாவை மட்டும் எடுத்துத் திரும்பச் சேர்ப்பார். கையை நிறுத்தாமலே சொன்னார். சின்ன வயதில் பள்ளியில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அவரையும் வரிசையில் நிறுத்துவார்களாம். உதட்டை மட்டும் அசைப்பாராம், சத்தம் வராமல். ஆறு வருடம் அப்படியே நின்றிருக்கிறார், வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. எழுபது வயதைத் தாண்டியவர். சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார். படத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மகளை அதற்கப்புறம் என்னால் பார்க்கவே முடியவில்லை.

இன்று ஆறாம் நாள். பெட்டியில் இருந்த 44 மெழுகுவர்த்தியில் இன்றோடு 27 தீர்ந்தது, 17 மிச்சம் என்று மகள் எண்ணி வைத்திருக்கிறாள். விளக்கு ஜன்னலில்தான் இருக்கிறது. அடுத்த வருடம் ஹனுக்கா டிசம்பர் 14 மாலை தொடங்கும், பள்ளி திறந்திருக்கும், சின்னவன் அதே வகுப்பில் இருப்பான். 15ஆம் தேதி வந்து இரண்டு விளக்கும் ஒரு ஷமாஷும் மட்டும் வைக்கிறேன், கதையையும் நானே சொல்கிறேன் என்று பள்ளிக்கு இன்று காலை எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.