ரேடியன்ட் ராங்க் மட்டும் இருந்தால் டீம் கிடைக்காது

ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கிச் சண்டை கேமான வாலரண்ட் ஆடும் பிள்ளைகள் பலர் மனசில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ராங்க் ஏறிக்கொண்டே போனால் என்றைக்காவது ஒரு டீம் கூப்பிடும், சம்பளம் வரும், பிறகு அதுவே தொழில். இந்தக் கணக்கு தப்பு. முன்கூட்டியே யாரும் சொல்லாததால் நல்ல திறமையுள்ள பையன்களும் பெண்களும் தனியாக ராங்க் ஆடியே இரண்டு மூன்று வருடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ராங்க் என்பது ட்ரையலுக்குள் விடும் அனுமதிச்சீட்டு, அவ்வளவுதான். உச்ச ராங்க் ரேடியன்ட், அதற்கு அடுத்த படி இம்மார்ட்டல். இம்மார்ட்டலுக்குக் கீழே இருந்தால் ட்ரையலுக்கே கூப்பிட மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் உள்ளே போனபின் கோச் கவனிப்பது வேறு விஷயங்களை. ஆட்டத்தில் செத்தவுடன் வாயிலிருந்து என்ன தகவல் வருகிறது? காசு இல்லாத ரவுண்டில் மற்ற நான்கு பேரோடு ஒத்துப்போகிறாயா? போட்ட திட்டம் பாதியில் உடைந்தால் பதறாமல் இருக்கிறாயா? தனி ராங்கில் இந்த மூன்றும் வளராது. அங்கே ஒவ்வொரு ஆட்டத்திலும் புதிதாக நான்கு பேர்.

கம்ப்யூட்டர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வாலரண்ட் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும் கேம் இல்லை, பிராசசரைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. 16 ஜிபி ராமை ஒரே குச்சியாகப் போடாமல் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். ஒற்றைக் குச்சியில் ஃப்ரேம் குறைவதை நேரடியாகப் பார்க்கலாம். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறை படத்தை மாற்றுகிறது, 240 ஹெர்ட்ஸ் 4.2 மில்லி நொடிக்கு ஒருமுறை. கடன் வாங்கி 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60-லேயே விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஆடுபவர்கள் இருக்கிறார்கள். முதலில் அதைப் போய்ப் பாருங்கள். இன்டர்நெட்டுக்கு லான் கேபிள் போடுங்கள். பிங் (சர்வரிலிருந்து பதில் வர ஆகும் மில்லி நொடி) 35 என்று நிலையாக இருப்பது, 20-க்கும் 60-க்கும் இடையே குதிப்பதைவிட நல்லது. வைஃபை இந்த இடத்தில்தான் கெடுக்கிறது.

சென்சிட்டிவிட்டியை (மவுஸ் அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அமைப்பு) வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது ஒரு வியாதி. மவுஸில் 800 டிபிஐ, கேமுக்குள் 0.35 என்று வைத்தால் முழுச் சுற்று திரும்ப மவுஸை ஏறத்தாழ 47 செ.மீ. நகர்த்த வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் இதற்குக் கிட்டத்தட்டத்தான் வைத்திருக்கிறார்கள். இதற்கு 45 செ.மீ. அகலமாவது உள்ள பேட் வேண்டும், கையை முழங்கையிலிருந்து அசைக்கப் பழக வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் குறைந்தது மூன்று மாதம் தொடக்கூடாது.

குறி எப்போதும் தலை உயரத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்பதற்கு எண்களே பதில். முழுக் கவசத்தோடு எதிரிக்கு மொத்தம் 150 உயிர்ப் புள்ளி. வேண்டல் ரைஃபிளில் தலையில் ஒரு குண்டு எந்தத் தூரத்திலும் 160, ஆள் விழுவான். ஃபேன்டம் ரைஃபிளில் 15 மீட்டருக்குள் 156, அதைத் தாண்டினால் 140. பத்துப் புள்ளியில் அவன் பிழைத்துத் திருப்பிச் சுடுவான். எந்த மூலையில் எந்தத் துப்பாக்கியோடு நிற்பது என்பது இந்தக் கணக்கிலிருந்து வரவேண்டும்.

இனி டீம் விஷயம். கேமுக்குள் ஆயுதம் வாங்கக் கிடைக்கும் காசிலிருந்து தொடங்குகிறேன், ட்ரையலில் பையன்கள் சறுக்குவது இங்கேதான். முதல் ரவுண்டில் எல்லோருக்கும் 800. தோற்றால் 1900 வரும், தொடர்ந்து தோற்றால் 2400, பிறகு 2900. ரைஃபிள் 2900, முழுக் கவசம் 1000, ஆக யூட்டிலிட்டி (புகை போன்ற திறன்கள்) சேர்க்காமலே 3900 வேண்டும். பிஸ்டல் ரவுண்டு என்கிற அந்த முதல் ரவுண்டில் எல்லாம் செலவாகித் தோற்றாயிற்று, கையில் 1900 என்று வையுங்கள். நான்கு பேர் எதுவும் வாங்காமல் விடுகிறார்கள். அடுத்ததும் தோற்றால் 1900, 2400 சேர்ந்து 4300, மூன்றாவது ரவுண்டில் முழு ஆயுதம். ஐந்தாவது ஆள் மட்டும் ஆசைப்பட்டு 1600-க்கு ஸ்பெக்டர் என்ற சிறிய துப்பாக்கி வாங்குகிறான். யாரையும் வீழ்த்தாமல் அவன் செத்தால் மூன்றாவது ரவுண்டில் அவனிடம் இருப்பது 2700. ரைஃபிளுக்கே 200 குறைவு. அவனுக்கு வேறு யாராவது துப்பாக்கி வாங்கிக் கொடுத்தால், கொடுத்தவனிடம் 1400-தான் மிஞ்சும், அவனுக்கே ரைஃபிள் இல்லாமல் போகும். ஒருவன் ஆசை ஐந்து பேர் ரவுண்டைக் கெடுப்பது இப்படித்தான். ராங்கில் இதை யாரும் கேட்பதில்லை, டீமில் முதல் நாளே கேட்பார்கள்.

அடுத்தது பேச்சு. செத்தவுடன் இரண்டு நொடிக்குள் மூன்று தகவல் போதும்: எங்கே, யார், எவ்வளவு அடி. “ஏ மெயின், ஜெட், 84.” முடிந்தது, மைக்கை விடு. “ஐயோ, எப்படிடா பார்த்தான்” என்று புலம்பும்போது உயிரோடு இருப்பவனுக்குக் காலடிச் சத்தம் கேட்காது. நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு தடையும் உண்டு. இந்திய டீம்களில் ஆட்டத்தின் நடுவே சொல்லும் தகவல் பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து வரும். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருக்கும் டீமில் முழுக்க ஆங்கிலம். இலக்கணம் வேண்டாம், இடப்பெயர்களும் எண்களும் ஐம்பது அறுபது சொற்களும் தடுமாறாமல் வந்தால் போதும். நண்பர்களோடு ஆடும்போதே அப்படிப் பேசிப் பழகுங்கள்.

ரோல் தேர்விலும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எல்லோருக்கும் முதலில் பாய்ந்து சண்டையைத் தொடங்கும் டூயலிஸ்ட் ஆக ஆசை. ஒரு இடத்துக்கு நூறு பேர் நிற்கும் வரிசை அது. புகை சரியான நொடியில் போடும் கன்ட்ரோலரும், ரவுண்டின் நடுவில் திட்டத்தை மாற்றத் தெரிந்த ஐ.ஜி.எல்.லும் (ஆட்டத்துக்குள் டீமை வழிநடத்துபவர்) கிடைக்காமல் டீம்கள் அலைகின்றன. துப்பாக்கிச் சண்டையில் உங்கள் கை கொஞ்சம் மட்டாக இருந்தாலும் இந்த இரண்டு வேலையில் நுழைய வழி இருக்கிறது. என் கருத்தில் புதியவர்கள் தேட வேண்டிய வாசல் இதுதான்.

நாள் ஒழுங்கு எப்படி இருக்க வேண்டும்? அரை மணி குறிப் பயிற்சி, அரை மணி டெத்மேட்ச் (டீம் இல்லாமல் ஆளுக்கு ஆள் சுடும் ஆட்டம்), இரண்டு இரண்டு மணி நேரமாக இரண்டு ஸ்க்ரிம் (வேறு டீமோடு பயிற்சி ஆட்டம்), ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தல். ஸ்க்ரிமில் வெற்றிக்கு வேண்டிய 13 ரவுண்டை எடுத்ததும் நிறுத்தாமல் 24 ரவுண்டும் ஆடுவது வழக்கம், இரு பக்கமும் பழக வேண்டும் என்பதற்காக. வீடியோவில் எல்லா ரவுண்டையும் பார்க்காதீர்கள். ஐந்துக்கு நான்கு என்று முன்னிலையில் இருந்தும் தோற்ற ரவுண்டுகளை மட்டும் எடுங்கள். டீமின் ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வீடியோ பார்ப்பதைத் தவிர்த்து அந்த நேரத்தில் இன்னொரு ராங்க் ஆடுபவர்கள்தான் அதிகம், அவர்கள்தான் அதே இடத்தில் நிற்கிறார்கள்.

விரல் மரத்துப்போனால் கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் பெரும்பாலும் மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் என்றால் முழங்கையை மேசை விளிம்பில் அழுத்தி வைக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள், மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடாதீர்கள்.

போட்டிப் பாதை கேமுக்குள் இருக்கும் பிரிமியர் என்ற டீம் போட்டியில் தொடங்குகிறது. ஒரு நிலையான டீமாகச் சேர்ந்து அதில் மேலே வர வேண்டும். அதற்கு மேல் தெற்காசிய சேலஞ்சர்ஸ், அதற்கும் மேல் பசிபிக் லீக். 2023-இல் பசிபிக் லீக் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற ஒரே இந்திய நிறுவனம் குளோபல் ஈஸ்போர்ட்ஸ். மேல்தட்டு எவ்வளவு குறுகியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விதிகள் சீசனுக்குச் சீசன் மாறும், வயது வரம்பு உட்பட, அதனால் விதிப்புத்தகத்தை நீங்களே படியுங்கள். பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள்.

ஏமாற்று மென்பொருள் பக்கம் விளையாட்டுக்குக்கூடப் போகாதீர்கள். 2018-இல் ஷாங்காயில் நடந்த கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா டீமின் ஒரு ஆட்டக்காரர் மேடையிலேயே பிடிபட்டார், டீமே கலைக்கப்பட்டது. தப்பு செய்யாத நால்வரும் வேலை இழந்தார்கள். அக்கவுன்ட்டை விற்பதும், அடுத்தவருக்கு ராங்க் ஏற்றிக் கொடுப்பதும் தடைக்கு வழிதான்.

பெற்றோர் பலர் இதை ஆன்லைன் ரம்மியோடு குழப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, தமிழ்நாடு அதில் உயிர்களைப் பறிகொடுத்த மாநிலம். ஆனால் 2025-இல் வந்த ஒன்றியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, ஈஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரிக்கிறது. இதைக் காட்டிப் பேசலாம். அதே சமயம் ஆட்டமே ஒரு நாளில் மறையக்கூடும் என்பதையும் மறைக்காதீர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடையானது. அதன் இடத்தில் வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பியது. இடைப்பட்ட பத்து மாதம் அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்? பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒப்பந்தம் வந்தால் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். பைஅவுட் தொகை (ஒப்பந்தத்திலிருந்து உங்களை விடுவிக்க வேறு டீம் கொடுக்க வேண்டியது) எவ்வளவு, பரிசுப் பணத்தில் பங்கு எத்தனை சதவீதம், மாதம் எத்தனை மணி நேரம் ஸ்ட்ரீம் செய்ய வேண்டும், பெஞ்சில் உட்கார வைத்தால் சம்பளம் தொடருமா? இவை எழுத்தில் இருக்க வேண்டும். பைஅவுட் பெரிய தொகையாக இருந்தால் வேறு எந்த டீமும் உங்களை வாங்காது, ஆடாமலே ஒப்பந்தக் காலம் கழியும். 18 வயது ஆகாதவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. பெற்றோர் இல்லாமல் கையெழுத்துக் கேட்கும் நிறுவனத்திடமிருந்து உடனே விலகிவிடுங்கள்.

நிலையான டீமோடு ஒரு முழு வருடம் இந்த ஒழுங்கில் ஆடியும் தகுதிப் போட்டியின் முதல் சில சுற்றுகளைத் தாண்ட முடியவில்லை என்றால், ஆட்டக்காரராகத் தொடர்வதை மறுபடி யோசியுங்கள். அனலிஸ்ட், கோச், வர்ணனையாளர், போட்டியில் கேமராவை நகர்த்தும் அப்சர்வர் என்று வேலைகள் இருக்கின்றன. ரவுண்டு ரவுண்டாக வீடியோ பார்த்துக் குறிப்பு எழுதிய நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவற்றிலிருந்து இரண்டு மூன்று ஆட்டங்களின் அலசலை இணைத்து அனுப்புங்கள்.