பள்ளிவாசல் படம் போச்சு, வசை நின்றது

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ராத்திரி ஒன்பதரை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி விடாமல் அடித்தது. எடுத்தால் எங்கள் பழைய வாத்தியார். "ஏம்மா, என் படத்தை நீதான் தூக்கினியா?" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். குரலில் வருத்தம்தான் இருந்தது.

பழைய பினாங்குப் படங்களுக்காக நானும் என் நாத்தனாரும் ஒரு குழு நடத்துகிறோம். எந்தத் தளத்தில் என்று சொல்லப் போவதில்லை, இருக்கிற வம்பு போதும். ஏழெட்டு வருடமாகச் சம்பளம் இல்லாத வேலை. தைப்பூசம் நெருங்கினால் வெள்ளி ரதமா தங்க ரதமா என்று ஆள் ஆளுக்குக் கிளம்பிவிடுவார்கள். 2017இல் தங்க ரதம் வந்ததிலிருந்து எங்களுக்குத் தை மாதத்தில் தூக்கம் கிடையாது.

வாத்தியார் போட்டது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் கறுப்பு வெள்ளைப் படம். கீழே பள்ளிவாசலின் பெயர், 1801 என்ற ஆண்டு, அந்தத் தெருவுக்கு முன்பு இருந்த பிட் ஸ்ட்ரீட் என்ற பெயர். வேறொன்றும் எழுதவில்லை. அதை நான் தொடவே இல்லை. தளத்தின் இயந்திரம் 'வெறுப்புப் பேச்சு' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தூக்கியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் வேறொரு படத்தின் கீழே ஒருவன் ஒரு பெண்ணை, அந்தப் பள்ளிவாசல் பெயரில் இருக்கும் அதே 'கெலிங்' என்ற சொல்லால் திட்டியிருந்தான். நடுவில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டு 3 என்ற எண்ணைப் போட்டிருந்தான். கூடவே அவளுடைய அம்மாவைப் பற்றித் தமிழில் ஒரு வரி, ஆங்கில எழுத்தில். நான் பார்த்து அழிக்கும்வரை இரண்டு நாள் அது அப்படியே இருந்தது. புகார் கொடுத்தவர்களுக்கு வந்த பதில், 'விதிமீறல் எதுவும் இல்லை.'

கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். ஒரு காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த எல்லாருக்கும் மலாயில் அதுதான் பெயர். இன்று அதை முகத்துக்கு நேரே சொன்னால் அடிதடிதான். பள்ளிக்கூடத்தில் என் அப்பாவை அந்தச் சொல்லால்தான் கேலி செய்தார்கள், அறுபது வயதிலும் அதைச் சொல்லும்போது அவர் தாடை இறுகும். அதே அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில், "கப்பித்தான் கெலிங் பக்கம் போய் நாசி கண்டார் சாப்பிடலாமா?" என்று சாதாரணமாகக் கேட்பார். எது வசை, எது விலாசம் என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கலிபோர்னியாவில் எழுதின விதிக்குத் தெரியாது.

இது நமக்கு மட்டும் நடப்பதல்ல. 2017இல் மியன்மாரில் முகநூல் 'கலா' என்ற சொல்லைத் தடுத்தது. இந்திய வம்சாவளியினரையும் முஸ்லிம்களையும் இழிவாகச் சொல்ல அங்கே அதைப் பயன்படுத்துகிறார்கள், தடுக்க வேண்டியதுதான். ஆனால் பர்மிய மொழியில் கடலைப்பருப்புக்கும் நாற்காலிக்கும் உள்ள பெயர்களிலும் அந்தச் சொல் இருக்கிறது. பருப்பைப் பற்றி எழுதியவர்களின் பதிவுகளும் சேர்ந்து போயின.

சரி, பொறுப்பு யாருக்கு? அமெரிக்காவில் 1996 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பயனர் எழுதியதற்குப் பெரும்பாலும் தளக்காரர் பொறுப்பல்ல. நம் மலேசியாவில் தலைகீழ். 2012இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வெளியிட்டார் என்று முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். என் நாத்தனாருக்கு இதைச் சொன்னபோது அன்றைக்கே நிர்வாகிப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னாள். சமாதானப்படுத்த எனக்கு ஒரு வாரம் ஆனது.

பயம் வீண் இல்லை. வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி என்ற செய்தித் தளத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டது. போலீஸ் சொன்ன 12 நிமிடத்தில் நீக்கிவிட்டோம் என்ற வாதம் எடுபடவில்லை. ஏழு நீதிபதிகளில் நளினி பத்மநாதன் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. தெரியாமல் இருந்ததற்கும் தெரிந்தும் விட்டுவைத்ததற்கும் வித்தியாசம் இருக்க வேண்டாமா? நான் தூங்கும்போது ஒருவன் வந்து என் வீட்டுச் சுவரில் கிறுக்கினால் அது அவன் கிறுக்கல். காலையில் பார்த்த பிறகும் நான் அதைத் துடைக்காமல் விட்டால் என்னைக் கேளுங்கள்.

ஆனால் பெரிய தளங்களுக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்ப்பவள், அவர்கள் விளம்பரத்தில் சம்பாதிப்பவர்கள். 2025 ஜனவரி முதல் நாட்டில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்கு உரிமம் வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. உரிமம் இருக்கட்டும். ராத்திரி ஒன்பதரைக்கு வரும் புகாரைப் படிக்க நம் ஊர்த் தமிழும் மலாயும் தெரிந்த எத்தனை பேரை வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது அவர்களைக் கேட்கிறார்களா? தமிழ் தெரிந்தவர் என்று சென்னையில் ஒருவரை உட்கார வைத்தாலும் போதாது. இந்தச் சொல் அவருக்கு எங்கே சுடும்?

மேல்முறையீடு செய்தேன், பதில் இல்லை. வாத்தியார் மறுபடியும் அதே படத்தைப் போட்டார். இந்த முறை பெயரை விட்டுவிட்டு, 'ஊருக்கே தெரிந்த பள்ளிவாசல்' என்று மட்டும் எழுதினார். முதல் ஆளாக ஒரு பையன் வந்து, "எது ஐயா இது?" என்று கேட்டிருக்கிறான். மூன்று நாளாக வாத்தியார் பதில் எழுதவில்லை.