நியோர்டை விட்டுவிட்டீர்களே

கோபன்ஹேகனிலிருந்து காரில் கிளம்பி, மோன் தீவின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம் என்று உங்கள் டென்மார்க் பயணக் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். திரும்பலாம்தான். ஆனால் அந்த அவசரத்தில் நியோர்ட் தவறிப்போகும்.

மோனை ஒட்டிய குட்டித் தீவு அது. 1968இல்தான் பாலம் வந்தது. ஊருக்குள் வெளியூர்க் கார் போகக் கூடாது. எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கூரை வேய்ந்த வீடுகள், சுவரோரம் ஹாலிஹாக் பூக்கள், எண்கோண வடிவில் ஒரு சின்னத் தேவாலயம். நாங்கள் போன மதியத்தில் தெருவில் ஒரு பூனை மட்டும்தான் இருந்தது! முன்பு இங்கே விவசாயிகளே கப்பல்களுக்கு வழிகாட்டும் வேலையும் பார்த்தார்களாம். அவர்கள் கடலைப் பார்த்துக் காத்திருந்த குடிசை இன்னும் நிற்கிறது, நம்மூர்ப் பெட்டிக்கடை அளவுதான்.

பாலத்தைத் தாண்டியதும் வரும் புல்வெளியில் பறவை பார்க்க ஒரு கோபுரம் உண்டு. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். எங்களிடம் இல்லை, இன்னும் வருத்தம்தான்.

அப்புறம் ஒன்று. டென்மார்க்கின் கிராமச் சாலைகளில் ஆளில்லாத கடைகள் நிறைய. உருளைக்கிழங்கு, தேன், ஸ்ட்ராபெர்ரி வைத்திருப்பார்கள். எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட வேண்டியதுதான். உள்ளூர்க்காரர்கள் மொபைல்பே என்ற கைபேசிச் செயலியில் கட்டுகிறார்கள். நமக்கு அது சரிப்படாது, டென்மார்க் பணமான குரோனர் சில்லறையாகக் கையில் இருக்கட்டும். நான் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கூடை ஸ்ட்ராபெர்ரிக்கு இரண்டு கூடை விலை கொடுத்தேன்.