லாங் டபுள் எல்லாக் கணினியிலும் ஒன்றல்ல

சி நிரல் மொழியில் தசமப் புள்ளி எண்களை வைக்கும் வகைகளில் இரண்டு டபுள், லாங் டபுள். “சி மொழியில் லாங் டபுள் என்றால் 80 பிட். ஒரு இன்டெல் கணினியில் சைன், லாக் போன்ற கணிதச் சார்புகளின் சோதனைகள் தேறிவிட்டால் எங்கும் தேறும்” என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. இது தவறு.

லாங் டபுள் 80 பிட்டாக இருக்க வேண்டும் என்று சி தரநிலை கட்டாயமாக்கவில்லை. லாங் டபுள் சாதாரண டபுளுக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். இன்டெல் லினக்ஸில் அந்த 80 பிட்டில் துல்லியத்துக்கு, அதாவது எண்ணின் இலக்கங்களுக்கு, 64 பிட்; மீதி குறிக்கும் அடுக்குக்கும். அதே இன்டெல் சிப்பில் மைக்ரோசாஃப்டின் கம்பைலரைப் போட்டால் வெறும் 53. ஆப்பிளின் எம்1 கணினியிலும் 53 தான். ஆர்ம் 64 லினக்ஸில் 113. ஆனால் அந்தக் கணக்கை மென்பொருள்தான் செய்கிறது, அதனால் வேகம் குறையும். பவர்பிசி லினக்ஸில் நெடுங்காலம் இரண்டு டபுள்களைச் சேர்த்தே ஓர் எண்ணாக வைத்தார்கள். ஒரு வகை எத்தனை பைட் என்று சொல்லும் சைஸ்ஆஃப் 16 என்று காட்டுவதை நம்ப வேண்டாம்: 64 பிட் இன்டெல் லினக்ஸில் அதில் 10 பைட்டில்தான் எண் இருக்கிறது.

சரி, வடிவம் ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாக வருமா? அதற்கும் உறுதி இல்லை. கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் ஆகியவற்றுக்கு தசமப் புள்ளிக் கணக்குக்கான தரநிலையான ஐஇஇஇ 754 சரியான முழுமையாக்கலை, அதாவது உண்மை விடைக்கு மிக அருகிலுள்ள எண்ணையே தருவதை, கட்டாயமாக்குகிறது. சைனுக்கு அப்படி இல்லை. சைனைக் கணக்கிடும் இன்டெல் சிப்பின் எஃப்சைன் கட்டளை, கோணத்தைச் சிறிதாக்க உள்ளே 66 பிட் பை மதிப்பை வைத்துக் கழிப்பதால், கோணம் பை-க்கு மிக அருகே இருந்தால் விடையின் பெரும்பாலான பிட்கள் பிழையாகின்றன. இன்டெலே தன் கையேட்டைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஆகவே சோதனையில் 80 பிட் எதிர்பார்ப்பை எழுதி வைக்காதீர்கள். சி-யின் ஃப்ளோட்.எச் என்ற தலைப்புக் கோப்பில் உள்ள துல்லிய அளவைப் படித்து, அனுமதிக்கும் பிழையை அதிலிருந்து கணக்கிடுங்கள். ஒப்பிடுவதற்கான சரியான விடையை, வேண்டிய அளவு துல்லியத்தில் கணக்கிடும் எம்பிஎஃப்ஆர் என்ற நிரல் நூலகத்தில் கூடுதல் பிட்களில் பெறலாம்.